புத்தகம் அலமாரியில் இருக்கிறது, தேடினால் இல்லை

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் ஓடுகிறது. இரவு கரண்ட் போய் வந்த மறுநாள், மாணவர்கள் எதைத் தேடினாலும் 'முடிவுகள் இல்லை' என்றே வருகிறது. பார்கோடு வைத்துப் புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் ஒழுங்காக நடக்கிறது. பதிவுகள் அழிந்துவிட்டனவா?
– கல்லூரி நூலகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அழிந்திருக்காது, பயப்படாதீர்கள். பார்கோடு வேலை செய்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது.

புத்தக விவரங்கள் எல்லாம் மரியாடிபி தரவுத்தளத்தில் இருக்கின்றன. பார்கோடை ஸ்கேன் செய்தால் கோஹா நேராக அங்கே போய்ப் பார்க்கிறது. தேடல் பெட்டியில் தட்டினால் அது போகும் இடம் வேறு. ஜீப்ரா என்ற தனித் தேடல் சர்வர் அது. டென்மார்க்கின் இன்டெக்ஸ் டேட்டா நிறுவனம் உருவாக்கியது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்குமே, அதைப் போலப் பதிவுகளிலிருந்து ஓர் அட்டவணை கட்டி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் ஜீப்ரா பதில் சொல்லும். உங்கள் நூலகத்தில் தூங்குவது இந்த ஜீப்ராதான்.

முதலில் அதன் நிலவரத்தைப் பாருங்கள். டெர்மினலைத் திறந்து 'சூடோ கோஹா-ஜீப்ரா' என்று தட்டி, இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு போட்டு 'ஸ்டேட்டஸ்', அப்புறம் நிறுவியபோது உங்கள் நூலகத்துக்கு வைத்த பெயர். (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். இங்கே உச்சரிப்பை மட்டும் தருகிறேன்.) பெரும்பாலும் 'லைப்ரரி' என்றே வைத்திருப்பார்கள். தெரியாவிட்டால் 'கோஹா-லிஸ்ட்' என்ற கட்டளை காட்டிவிடும். ஓடவில்லை என்று பதில் வந்தால், 'ஸ்டேட்டஸ்' இருந்த இடத்தில் 'ஸ்டார்ட்' போடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

எழுந்த உடனே மறுபடி விழுந்தால், திரும்பத் திரும்ப ஸ்டார்ட் போடுவதில் பயனில்லை. 'வார்' கோப்புறைக்குள் 'லாக்', அதற்குள் 'கோஹா', அதற்குள் உங்கள் நூலகத்தின் பெயர். அங்கே ஜீப்ராவின் எரர் லாக் இருக்கும். அதன் கடைசி வரிகளைப் படியுங்கள். நான் அதிகம் பார்த்த காரணங்கள் இரண்டு. ஒன்று, டிஸ்க் நிரம்பியிருக்கும். 'டிஎஃப்' கட்டளை கொடுத்தால் தெரியும். இன்னொன்று, யாரோ ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள) பயனராக நுழைந்து உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டியிருப்பார்கள். அட்டவணைக் கோப்புகளெல்லாம் ரூட்டின் பெயருக்கு மாறிவிட, கோஹாவால் தன் கோப்பிலேயே எழுத முடியாமல் போகும். உரிமையைக் கோஹாவின் பயனருக்கே திருப்பிக் கொடுத்தால் போதும்.

ஜீப்ரா ஓடுகிறது, ஆனால் தேடல் வெறுமையாக வருகிறது என்றால் அட்டவணை கெட்டுப்போயிருக்கிறது. தரவுத்தளம் பத்திரமாக இருக்கும்வரை அதைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டளை 'கோஹா-ரீபில்ட்-ஜீப்ரா'. அதோடு 'எஃப்' சேர்த்தால் முழுவதும் கட்டும், 'வி' சேர்த்தால் நடப்பதைத் திரையில் சொல்லிக்கொண்டே போகும். நூலகம் மூடிய பிறகு செய்யுங்கள். நடுவில் யாராவது தேடினால் அரைகுறையாகத்தான் கிடைக்கும். 'டெம்ப்' கோப்புறையில் போதிய இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்; பதிவுகளை முதலில் அங்கேதான் இறக்கி வைக்கும்.

கேள்வி: இப்படி ஆகாமல் இருக்கத் தினமும் என்ன கவனிக்க வேண்டும்? சாயங்காலம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகலாமா?
– அதே நூலகர்

பதில்: காலையில் கதவு திறந்ததும் ஒரே ஒரு தேடல். நூலகத்தில் நிச்சயமாக இருக்கிற ஒரு தமிழ்ப் புத்தகத்தின் தலைப்பை, மாணவர்கள் உட்காரும் கணினியிலிருந்து ஓபேக்கில் (மாணவர்கள் புத்தகம் தேடும் பக்கத்தில்) தட்டிப் பாருங்கள். வந்தால் சரி. இதை உதவியாளரின் வேலைப் பட்டியலில் எழுதி வைத்துவிடுங்கள்.

முந்தைய நாள் ஏற்றிய புத்தகம் ஒன்றையும் தேடுங்கள். பழையது கிடைத்துப் புதியது கிடைக்காவிட்டால், ஜீப்ரா நலமாக இருக்கிறது, இன்டெக்ஸர் நின்றுவிட்டது என்று பொருள். புதிய பதிவுகள் தரவுத்தளத்தில் 'ஜீப்ராக்யூ' என்ற பட்டியலில் வரிசை கட்டி நிற்கும். இன்டெக்ஸர் ஒவ்வொன்றாக எடுத்து ஜீப்ராவிடம் கொடுக்கும். அந்த வரிசை குறையாமல் நீண்டுகொண்டே போனால் 'கோஹா-இன்டெக்ஸர்' கட்டளையோடு 'ரீஸ்டார்ட்' போடுங்கள்.

சுவிட்சை நேராக அணைக்கவே கூடாது. அட்டவணையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அந்த எழுத்து பாதியில் நிற்கும். தரவுத்தளத்துக்கும் அது நல்லதல்ல. முழு ரீபில்ட் ஏதும் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு 'சூடோ பவராஃப்' கொடுங்கள். லினக்ஸே ஒவ்வொரு சேவையாக நிறுத்திவிட்டு அணையும். சர்வரின் விளக்குகள் அணைந்த பிறகு யூபிஎஸ்ஸை அணையுங்கள். கணினியை விட்டுவிட்டுக் கோஹாவை மட்டும் நிறுத்த வேண்டுமானால் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கோஹா-காமன்' போதும். ஜீப்ராவும் இன்டெக்ஸரும் சேர்ந்தே நிற்கும்.

உங்கள் பக்கம் இரவில் கரண்ட் போவது வழக்கமென்றால், யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யூஎஸ்பி கேபிள் இழுத்து 'நட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு வையுங்கள். பேட்டரி தீரப்போகும் நேரத்தில் அதுவே சர்வரை முறையாக நிறுத்திவிடும். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறதென்றால் நிர்வாகத்தினர் புது கம்ப்யூட்டர் வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள். இந்தக் கேபிளைக் கேட்டால் தயங்குகிறார்கள். வலியுறுத்திக் கேளுங்கள். தேடலில் 'இல்லை' என்று பார்த்த மாணவி அலமாரிப் பக்கமே போகாமல் திரும்பிவிடுகிறாள். நமக்கு அது தெரியக்கூட வராது.

கேள்வி: ஆங்கிலத் தலைப்புகள் சரியாகக் கிடைக்கின்றன. தமிழில் தட்டினால் மட்டும் சம்பந்தமில்லாதவை வருகின்றன.
– நூலக உதவியாளர், தஞ்சாவூர்

பதில்: ஜீப்ராவின் வழக்கமான எழுத்து அட்டவணை ஐரோப்பிய மொழிகளை மனதில் வைத்து அமைத்தது. தமிழுக்கு, யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறைக்கு மாற வேண்டும். 'டீஃபால்ட் ஐடிஎக்ஸ்' என்ற கோப்பில், எழுத்து வரைபடத்தைக் குறிக்கும் வரிகளுக்குப் பதிலாக ஐசியூ வரிகளைப் போட்டு, ஜீப்ராவை ரீஸ்டார்ட் செய்து, மேலே சொன்ன முழு ரீபில்டை ஓட்டுங்கள். ரீபில்டை விட்டுவிட்டால் பழைய அட்டவணையே இருக்கும், எதுவும் மாறாது. தொடங்குவதற்கு முன் அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.