எஸ்எஸ்ஆரை (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாகம் இல்லாத எலெக்ட்ரானிக் ரிலே) ஆஃப் செய்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மின்னுகிறதே, ரிலே பழுதா?

பழுது இல்லை, மாற்ற வேண்டாம். புதிதாக வாங்கிப் போட்டாலும் அதே மாதிரிதான் மின்னும்.

சாதாரண ரிலேயில் ஆஃப் என்றால் காண்டாக்ட் விலகி நடுவில் காற்று இடைவெளி வந்துவிடும். எஸ்எஸ்ஆரில் விலகுவதற்கு ஒன்றுமே கிடையாது. உள்ளே ஒரு டிரையாக் அல்லது எதிரெதிராக இணைத்த இரண்டு எஸ்சிஆர் (இரண்டு வகையுமே குறைக்கடத்தி சுவிட்சுகள்தான்), அதற்குக் குறுக்கே பெரும்பாலும் ஸ்னப்பர் என்று ஒரு கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் இருக்கும், ஆஃபில் கசிவது முக்கியமாக அந்தக் கெபாசிட்டர் வழியாகத்தான். 0.022 மைக்ரோஃபாரட் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 1.6 மில்லி ஆம்பியர், 0.1 என்றால் 7 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 2 கிலோவாட் ஹீட்டருக்கு இது ஒரு கணக்கே இல்லை. ஆனால் எல்இடி பல்பின் டிரைவர் இந்தக் கசிவைச் சேர்த்து வைத்துக்கொண்டு விட்டுவிட்டு மின்னும், சிறிய காண்டாக்டர் (பெரிய கரண்டுக்கான ரிலே) காயில் சில சமயம் விடாமல் பிடித்துக்கொண்டே நிற்கும்.

பல்புக்கு இணையாக 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர் போட்டுப் பாருங்கள். 1.6 மில்லி ஆம்பியருக்கு அதன் குறுக்கே 16 வோல்ட்தான் நிற்கும், பல்பு அடங்கிவிடும். ஆனில் இருக்கும்போது அந்த ரெசிஸ்டரே 5 வாட் சூடாகும் என்பதால் வயரை ஒட்டி வைக்காதீர்கள். என்னைக் கேட்டால், ஒரு பல்புக்கு எஸ்எஸ்ஆரே வேண்டாம், சாதாரண ரிலே போதும்.

லோடைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் ஆஃபிலேயே கிட்டத்தட்ட முழு 230 காட்டும், அதைப் பார்த்து ரிலே ஷார்ட் என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. 60 வாட் குண்டு பல்பை மாட்டி அளந்து பாருங்கள், 1 வோல்ட்கூட இருக்காது. நல்ல ரிலேதான்.

கசிவைவிட எனக்குப் பயம் சூட்டின் மேல். ஆனில் சுமார் 1.2 வோல்ட் உள்ளேயே விழும், 20 ஆம்பியர் ஓடினால் 24 வாட். ஒரு சால்டரிங் அயர்னைப் பேனலுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியது மாதிரி. மேலே 40 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது சூட்டை வெளியேற்றச் சரியான ஹீட் சிங்க், தெர்மல் பேஸ்ட் எல்லாம் இருந்தால்தான். அப்புறம், எஸ்எஸ்ஆர் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும். நான் வேலை பார்த்த ஓர் ஓவனில் 180 டிகிரிக்கு செட் செய்திருந்தோம். கன்ட்ரோலரில் அவுட்புட் விளக்கு அணைந்தே இருக்கிறது, டிஸ்பிளேயில் 210, 225 என்று ஏறிக்கொண்டே போகிறது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். கழற்றிப் பார்த்தால் எஸ்எஸ்ஆரின் அடியில் தெர்மல் பேஸ்ட் பொடியாக உதிர்ந்தது. அன்றிலிருந்து ஹீட்டர் லைனில் எஸ்எஸ்ஆரோடு தொடராக ஒரு காண்டாக்டர் வைத்து, அதைத் தனி ஓவர் டெம்பரேச்சர் தெர்மோஸ்டாட் (சூடு அளவை மீறினால் துண்டிப்பது) வழியாக இழுக்காமல் நான் பேனலை மூடுவதில்லை.

ஏசி எஸ்எஸ்ஆரை டிசி லோடுக்குப் போடாதீர்கள், கரண்ட் பூஜ்யத்துக்கு வராததால் ஒருமுறை ஆனானால் அணையாது. பல்பை மாற்றும்போதும் எஸ்எஸ்ஆர் ஆஃபில்தானே இருக்கிறது என்று ஹோல்டரில் கை வைக்க வேண்டாம், அந்த 7 மில்லி ஆம்பியரே கையை நன்றாக உதறவைக்கும். எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.