எரிபொருளை மிச்சம் பிடிக்க ஃபர்னஸில் ஆக்சிஜனை எவ்வளவு குறைக்கலாம்?

தம்பி, புதிதாக ஃபர்னஸ் ஆபரேட்டராகச் சேர்ந்திருப்பதாகவும், ஸ்டேக்கில் (புகைபோக்கியில்) ஆக்சிஜன் 5 சதவீதம் காட்டுவதாகவும், அதை 2-க்குக் கொண்டுவரச் சொல்லி நெருக்குவதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். கண்ட்ரோல் ரூம் போர்டில் இந்த மாத எரிபொருள் இலக்கும் எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் போர்டிலும் இருந்தது. அந்த இலக்குக்காக நான் செய்த வேலையில் ஒரு ஃபர்னஸே போயிருக்கும். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் ஒன்று. நான் இன்ஜினியர் இல்லை. ஃபர்னஸ் பக்கத்தில் 22 வருடம் நின்றவன், அவ்வளவுதான். உங்கள் ஃபர்னஸின் மேனுவல் சொல்வதுதான் உங்களுக்கு முதல் வார்த்தை.

கேட்டதற்கு நேர்ப் பதில்: கேஸ் பர்னருக்கு 2 முதல் 3 சதவீதம் ஆக்சிஜன் நல்ல அளவுதான். தேவைக்கு மேல் 10, 15 சதவீதம் காற்று போகிறது என்று அதற்கு அர்த்தம். அதற்கும் மேலே போகும் காற்றெல்லாம் சும்மா சூடாகி ஸ்டேக் வழியாக வெளியேறுகிறது. அது வீண்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 5 எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் குறைக்கக் கூடாது. அன்று எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

எங்களுடையது எண்ணெயைச் சூடாக்கும் ஃபர்னஸ், அடியில் எட்டு பர்னர். ஸ்டேக்கில் ஆக்சிஜன் 5 இருந்தது. நான் ஒவ்வொரு பர்னராகப் போய் ஏர் ரெஜிஸ்டரை, அதாவது பர்னருக்குக் காற்று விடும் திறப்பை, கொஞ்சம் கொஞ்சமாக மூடி 2-க்குக் கொண்டுவந்தேன். பெருமையாகவும் இருந்தது. அப்போது நான் பார்க்காமல் விட்டது: ஒரு பீப் ஹோல் (உள்ளே எட்டிப் பார்க்கும் துளை) மூடி சரியாக உட்காரவில்லை, மேலே கன்வெக்‌ஷன் பகுதியில் (புகையின் மீதிச் சூடு எண்ணெய்க்கு ஏறும் இடம்) தகரம் விரிசல் விட்டிருந்தது. ஃபர்னஸுக்குள் அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அதனால் ஓட்டை எங்கே இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். அப்படி வரும் காற்று பர்னர் பக்கம் போவதே இல்லை. நேராக மேலே போய் அனலைசரில் (ஆக்சிஜனை அளக்கும் மீட்டரில்) ஆக்சிஜனாகக் காட்டும். மீட்டரில் 2 இருக்கும்போதே கீழே பர்னர்கள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

ரெண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ராத்திரி எரிவாயுவின் கலவை மாறியது. எங்கள் எரிவாயு ப்ளான்ட்டிலேயே கிடைப்பது, அதில் புரொப்பேன் சேர்ந்துவிட்டது. 1 கன மீட்டர் மீத்தேன் எரிய ஏறக்குறைய 9.5 கன மீட்டர் காற்று போதும், புரொப்பேனுக்கு 24 கிட்ட வேண்டும். காற்று பற்றாமல் எரிவாயு முழுசாக எரியவில்லை, எண்ணெயின் வெப்பநிலை இறங்கியது. இறங்கியதும் கண்ட்ரோலர் தன் வேலையைச் செய்தது: வால்வை இன்னும் திறந்து இன்னும் எரிவாயுவை விட்டது. எரிவாயு கூடக் கூட நிலைமை மோசம்.

நான் அப்போது பர்னர் தளத்தில் நின்றிருந்தேன். முதலில் காதில் விழுந்தது சத்தம்தான். பெரிய மிருகம் ஒன்று மூச்சு வாங்குவது போல, 'ஹுப்... ஹுப்...' பீப் ஹோல் மூடிகள் அதற்கேற்ப எழுந்து எழுந்து டக் டக்கென்று விழுந்தன. உள்ளே பர்னர் மேல் சுடர் இல்லை. தீ எரியும் அறையான ஃபயர் பாக்ஸ் முழுக்க மங்கலான புகைமூட்டம், அதற்குள் அங்கங்கே ஆரஞ்சு நிறத்தில் தீ அலைந்தது. காற்று பற்றவில்லை என்று புரிந்தது. புரிந்ததும் ரெஜிஸ்டரைத் திறக்கக் கை வைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எங்கள் சீனியர் ஆபரேட்டர். "டேய், காத்தைத் தொடாதே! கேஸைக் குறைக்கச் சொல்லு!"

உள்ளே எரியாத எரிவாயு நிறைந்திருக்கிறது, சுவர் செக்கச்சிவந்த சூட்டில் இருக்கிறது. இல்லாதது காற்று மட்டும்தான். அதையும் நான் ஒரேயடியாகக் கொடுத்திருந்தால் வெடித்திருக்கும். அவர் வாக்கிடாக்கியில் சொல்ல, கண்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றி எரிவாயுவைப் படிப்படியாக இறக்கினார்கள். எங்களை அங்கிருந்து தள்ளி நிற்கச் சொன்னார். சில நிமிடங்களில் மூச்சு வாங்குவது நின்றது, புகைமூட்டம் கலைந்தது, சுடர் பர்னரில் வந்து உட்கார்ந்தது. அதற்கு அப்புறம்தான் காற்றைக் கூட்டினோம். இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: முதலில் எரிபொருள் குறைய வேண்டும், காற்று அதற்குப் பிறகுதான்.

சுடர் முழுசாக அணைந்துவிட்டால் இதெல்லாம் கிடையாது. உடனே எரிவாயுவை அடைத்து, ஃபர்னஸின் கொள்ளளவைப் போல குறைந்தது நாலு மடங்கு காற்றை ஓட்டி பர்ஜ் செய்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். சூட்டுச் சுவரில் தானாகப் பற்றிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அணைந்ததா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தால், ட்ரிப் பண்ணிவிடுங்கள், அதாவது எரிவாயுவை அடைத்து ஃபர்னஸை நிறுத்திவிடுங்கள்.

ஆபத்து என்றால் ஃபர்னஸைத் தானாக நிறுத்தும் இன்டர்லாக் எதற்கு இருக்கிறது என்று சிலர் கேட்பீர்கள். இருந்தது. சுடர் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிளேம் ஸ்கேனர், பைலட் சுடரைத்தான் (பர்னரைப் பற்றவைக்கும் சின்னச் சுடர்) பார்த்துக்கொண்டிருந்தது, பைலட் எரிந்துகொண்டே இருந்தது. அதனால் ட்ரிப் ஆகவில்லை.

விசாரணை அறிக்கையில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று ஒரே வரி. என் தவறை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தகர விரிசலைப் பற்றி லாக் புக்கில் மூன்று முறை எழுதியிருந்தோம், அதை அறிக்கையில் ஒருவரும் சேர்க்கவில்லை. அடுத்த வருடம் எரிபொருள் சேமிப்புக்கு விருது வந்தபோது போட்டோவில் நின்றவர்களில் ஷிஃப்டில் வேலை செய்த ஒருவர்கூட இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்த அந்த அண்ணனுக்கு டிகிரி இல்லை என்று கடைசிவரை பதவி உயர்வும் தரவில்லை. இது நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் 5-க்கு வருகிறேன். ரெஜிஸ்டரைத் தொடும் முன் ஓட்டைகளை அடையுங்கள்: பீப் ஹோல் மூடி, விரிசல், எரியாத பர்னரில் திறந்து கிடக்கும் ரெஜிஸ்டர். அதிலேயே பாதி இறங்கிவிடலாம். அனலைசர் ஸ்டேக்கில் இருந்தால், ஃபயர் பாக்ஸ் உச்சியிலும் ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நடுவில் ஓட்டை வழியாக வந்த காற்று. கூடவே கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று கேட்டு வாங்குங்கள். பர்னருக்குக் காற்று பற்றவில்லை என்றால் அது சட்டென்று ஏறிக் காட்டிக்கொடுக்கும். அது வரும்வரை 3-க்குக் கீழே இறக்கச் சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.