ஏலம் விட்டவரே ஏலம் எடுத்தார்

கேள்வி: சோவியத் ஆட்சி போனபின் போலந்து தேறிவிட்டது, ரஷ்யாவின் சொத்தெல்லாம் நாலு பேர் கைக்குப் போனது. ஜார் காலத்திலிருந்தே எஜமானுக்குக் கும்பிடு போட்டுப் பழகிய ரஷ்யக் கலாசாரம்தானே காரணம்?
- எஸ்.ஆர்., கும்பகோணம்

பதில்: ஜாரை விடுங்கள். 1992-இல் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருந்தது என்று பாருங்கள்.

அந்த அக்டோபரில் ரஷ்யக் குடிமக்களுக்கு ஆளுக்கொரு வவுச்சர் கொடுக்க ஆரம்பித்தார்கள். முகமதிப்பு 10,000 ரூபிள். அதைக் கொடுத்து அரசு ஆலைகளின் பங்கை வாங்கிக்கொள்ளலாம். ஒரு வவுச்சர், அந்நாட்டின் மதிப்பான காரான வோல்கா இரண்டுக்குச் சமம் என்றார் திட்டத்தை நடத்திய அனத்தோலி சுபைஸ். விலைவாசியோ அந்த ஒரே வருடத்தில் இருபது மடங்குக்கு மேல் ஏறியது. வவுச்சரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் ஏராளம்.

ஆலைத் தொழிலாளிக்குப் பங்கு கிடைக்காமல் இல்லை. பெரும்பாலான ஆலைகளில் 51 சதவீதம் ஊழியர்களுக்கும் நிர்வாகத்துக்குமே போனது. காகிதத்தில் தொழிலாளியும் முதலாளிதான். ஆனால் அவர் குடியிருந்த வீடு ஆலையுடையது. பிள்ளை போன பாலர் பள்ளி, உடம்புக்கு வந்தால் போகும் ஆஸ்பத்திரி, எல்லாம் ஆலையுடையவை. போதாததற்கு சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. இந்த நிலையில் பங்குதாரர் கூட்டத்தில் டைரக்டருக்கு எதிராக யார் கை தூக்குவார்? டைரக்டர் கேட்டால் பங்கையே எழுதிக் கொடுத்துவிடுவார். நீங்கள் கும்பிடு என்கிறீர்கள். எனக்கு அது குடும்பஸ்தனின் கணக்காகத் தெரிகிறது.

சரி, கலாசாரத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. தெரிந்தவரைப் பிடித்துக் காரியம் சாதிப்பதற்கு ரஷ்யர்கள் 'பிளாத்' என்பார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் நல்ல இறைச்சியும் மருந்தும் அப்படித்தான் கிடைத்தன. கீழே இருந்தவர்களுக்கு அது பிழைக்கும் வழி. அதே பழக்கம் கிரெம்ளின் வாசல்வரை போய்வருகிறவர்களிடம் இருந்தபோது சுரங்கமும் எண்ணெய்க் கிணறும் கிடைத்தன. 1995-இல் அரசு பெரிய நிறுவனங்களின் பங்குகளை அடகு வைத்து வங்கிகளிடம் கடன் வாங்கியது. நோரில்ஸ்க் நிக்கல் என்ற சுரங்க நிறுவனத்தின் 38 சதவீதத்துக்கு ஏலம் நடத்தியது விளாதிமிர் பொத்தானினின் வங்கி. ஆரம்ப விலை 17 கோடி டாலர். 35 கோடிக்கு மேல் கேட்ட போட்டியாளரைத் தள்ளுபடி செய்துவிட்டு, 17 கோடியே ஒரு லட்சத்துக்குப் பொத்தானின் தரப்பே எடுத்துக்கொண்டது. அடுத்த வருடத் தேர்தலில் அதிபர் யெல்த்சினுக்குப் பின்னால் பணத்தோடு நின்றவர்களில் இந்த வங்கிக்காரர்கள் முக்கியமானவர்கள். அரசு கடனைத் திருப்பவே இல்லை, அடகு முழுகிப்போனது.

போலந்தும் 1990 ஜனவரி 1 அன்று, விலைக் கட்டுப்பாட்டை ஒரே மூச்சில் எடுத்துவிடும் 'அதிர்ச்சி வைத்தியத்தில்'தான் இறங்கியது. ஆனால் அங்கே டைரக்டரைத் தட்டிக்கேட்கத் தொழிலாளர் கவுன்சில்கள் இருந்தன, 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கம் இருந்தது. விளைநிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கம்யூனிஸ்ட் ஆட்சியிலேயே விவசாயிகளிடம் இருந்தது. பெரிய ஆலைகளைத் தனியாருக்குக் கொடுப்பது வருடக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. அந்தத் தாமதமே நல்லதாயிற்று என்பது என் கட்சி. அதற்காகப் போலந்தில் தேனும் பாலும் ஓடவில்லை. 1993-இல் வேலையில்லாதோர் 16 சதவீதம். அந்த வருடம் மக்கள் கோபத்தில் பழைய கம்யூனிஸ்டுகளையே ஓட்டுப் போட்டு ஆட்சியில் உட்கார வைத்தார்கள்.

கலாசாரம்தான் காரணம் என்றால் செக் நாட்டை என்ன செய்வீர்கள்? அவர்களை யாரும் அடிமைக் கலாசாரம் என்று சொன்னதில்லை. அங்கும் கூப்பன் கொடுத்தார்கள். அதை மக்களிடமிருந்து திரட்டிய முதலீட்டு நிதிகளில் சில உள்ளிருந்தே சுரண்டப்பட்டன. கண்காணிக்கும் சட்டத்தில் பலம் இல்லை, அவ்வளவுதான்.

ரஷ்யாவில் அந்த நாலு பேரும் நிம்மதியாக இருந்துவிடவில்லை. யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தை அதே அடகு ஏலத்தில் பிடித்த மிகயில் கதர்கோவ்ஸ்கி, புதின் ஆட்சியில் 2003 அக்டோபரில் கைதானார். மறுவருடம் வரிபாக்கிக்காக யூகோஸின் முக்கிய எண்ணெய் வயல்கள் ஏலத்துக்கு வந்தன. யாரும் கேள்விப்பட்டிராத ஒரு கம்பெனி எடுத்தது. சில நாட்களில் அந்தக் கம்பெனியையே அரசின் ரோஸ்நெஃப்ட் வாங்கிக்கொண்டது. அந்த ஏலத்தில் விலை கேட்டவர் ஒரே ஒருவர்.