நகைக்கடன் இருக்கும்போது மாலத்தீவு போகலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலை பார்க்கிறோம். பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 92,000 ரூபாய் வருகிறது, செலவு 66,000. எஃப்.டி.யில் 3 லட்சம் இருக்கிறது. நகைக்கடன் 1 லட்சம், வட்டி 9.5 சதவீதம். 2027 பிப்ரவரியில் எங்கள் பத்தாவது திருமண நாள். மாலத்தீவில் நான்கு இரவு, கடல்மேல் கட்டிய வில்லா, விமானத்தோடு 2,60,000 ரூபாய் என்கிறார் ஏஜென்ட். கிரெடிட் கார்டில் 12 மாத 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' உண்டாம். அதை எடுக்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? இன்னும் பத்து மாதம் இருக்கிறது. 10,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்.

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் இரண்டு வழியுமே வேண்டாம். மாதம் 26,000 மிச்சம் பிடிக்கும் குடும்பத்துக்குப் பத்து மாதம் போதுமான அவகாசம். முதலில் நகை வீட்டுக்கு வரட்டும், அதன்பின் பயணத்துக்குச் சேருங்கள்.

எஃப்.டி.யை ஏன் தொடக்கூடாது? உங்கள் செலவுக்கு அது நாலரை மாதத்துக்குத்தான் வரும். ஒருவருக்கு வேலை போனாலோ, வீட்டில் ஒரு அறுவைச் சிகிச்சை வந்தாலோ கைகொடுக்க வேறு பணம் உங்களிடம் இல்லை.

'நோ காஸ்ட்' என்ற பெயரை நம்பவேண்டாம். வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. விற்பவர் அந்தத் தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார், அவ்வளவுதான். 15 சதவீத வட்டி என்று வைத்தால், 2,60,000-க்குள் ஏறக்குறைய 20,000 வட்டி ஒளிந்திருக்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., சுமார் 3,600 ரூபாய், உங்கள் பில்லில் தனியாக வரும். பிராசஸிங் கட்டணம் அதற்கு மேல். மொத்தமாகப் பணம் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஏஜென்டிடம் கேட்டுப் பாருங்கள். அவர் குறைக்கும் தொகைதான் இந்த இ.எம்.ஐ.யின் உண்மையான விலை.

பேக்கேஜைப் பற்றி நீங்கள் எழுதியதில் தீவின் பெயரே இல்லை. அது தெரியாமல் விலை சரியா என்று யாராலும் சொல்லமுடியாது. மாலே விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவென்றால் விரைவுப்படகு போதும். தூரத்துத் தீவென்றால் கடல்விமானம். போகவர ஆளுக்கு 400 முதல் 600 டாலர் ஆகலாம். அது 2,60,000-க்குள் சேர்த்தியா? மேலும் கடல்விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால் அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான ஹுல்ஹுமாலேயில் அறை எடுத்துத் தங்கவேண்டும். அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். வரியும் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், எனவே நஷ்டமில்லை. ஆனால் அதுவரை பணம் முடங்கும். சொன்ன விலை டி.சி.எஸ். சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள்.

என் பரிந்துரை, ரிசார்ட் தீவுக்குப் பதில் மக்கள் வாழும் தீவு ஒன்றில் தங்குவது. மாஃபுஷியை எடுத்துக்கொள்வோம். மாலேயிலிருந்து விரைவுப்படகில் அரைமணி, முக்கால் மணி நேரம். விருந்தினர் இல்லங்கள் நிறைய. அதே நீலக்கடல், அதே வெள்ளை மணல். இரவில் கட்டிலுக்கடியில் அலை இருக்காது, அதை மட்டும் விட்டுக்கொடுக்கவேண்டும்.

இங்கே பலர் ஏமாறுவது அறை வாடகையில். 75 டாலர் என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், வரி தனி என்று பொருள். 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்தால் 82.50. அதன்மேல் 17 சதவீத சுற்றுலா ஜி.எஸ்.டி.; 2025 ஜூலையில்தான் 16-லிருந்து 17 ஆனது. இப்போது ஏறக்குறைய 96.50. இதோடு பசுமை வரி: ஐம்பது அறைக்குக் குறைவான விருந்தினர் இல்லத்தில் ஆளுக்கு, நாளுக்கு 6 டாலர். ரிசார்ட்டில் அதுவே 12. ஆக 75 டாலர் அறை, இருவருக்கு ஒரு இரவுக்கு 108.50 ஆகிவிடுகிறது. முன்பதிவு செய்யும்போது கடைசித் திரையில் வரும் மொத்தத் தொகையை மட்டும் பாருங்கள்.

நான்கு இரவுக்கு அறை 434 டாலர். படகு ஆளுக்கு ஒரு வழிக்கு 25 என்று வைத்தால் 100. காலை உணவு அறையோடு வரும். மற்ற சாப்பாட்டுக்கு 180. பவளப்பாறை பார்க்கும் ஸ்நார்க்கலிங் பயணம் இருவருக்கும் 70. ஒருநாள் பக்கத்து ரிசார்ட்டில் பகல்நேர அனுமதி, ஆளுக்கு 120 வீதம் 240. வில்லா ஆசையை ஓரளவு தீர்ப்பது இதுதான், அதனால் இதை வெட்டவேண்டாம். மொத்தம் 1,024 டாலர். டாலர் 95 ரூபாய் என்று வைத்தால் 97,280. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் பக்கம்தானே. அங்கிருந்து மாலேக்குப் போகவர விமானம் இருவருக்கும் 44,000. மாலத்தீவு வசூலிக்கும் விமான நிலைய வரிகள் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். காப்பீட்டுக்கு 2,000, கைக்காவலுக்கு 12,000. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,55,000. ஸ்கூபா ஆசை இருந்தால், பாலிசி அதை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுக் காப்பீடு எடுங்கள். பல பாலிசிகள் ஏற்பதில்லை.

இனி மாதக் கணக்கு. முதல் நான்கு மாதம் 26,000 வீதம் கட்டினால் 1,04,000. அசலும் வட்டியும் தீர்ந்து நகை கைக்கு வந்துவிடும். பகுதித் தொகை கட்டும்போது அதை அசலில் வரவு வைக்கச் சொல்லி ரசீதில் பாருங்கள். அடுத்த ஆறு மாதம் 1,56,000. சம்பளம் வந்த மறுநாளே போகும்படி ஆர்.டி. போடலாம், ஆனால் நடுவில் டிக்கெட்டுக்குப் பணம் வேண்டுமே. அதனால் தனி சேமிப்புக் கணக்கு வசதி. ஆறு மாதப் பணத்துக்கு மியூச்சுவல் ஃபண்ட் வேண்டவே வேண்டாம். நவம்பரில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். அறையை, கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு, அதற்கும் முன்பே பிடித்துவையுங்கள். பிப்ரவரி அங்கே மழையில்லாத பருவம். அதனால் விலையும் உச்சத்தில் இருக்கும்.

தேதியில் ஒரு விஷயம் கவனியுங்கள். 2027-ல் ரமலான் நோன்பு பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கும். மக்கள் வாழும் தீவுகளில் பகலில் உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். தங்கும் இல்லத்தில் விருந்தினருக்குத் தருவார்கள். உங்கள் நாள் அதற்குப் பின் வருமானால், மதியச் சாப்பாடும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், அல்லது ஜனவரிக் கடைசியிலேயே போய்வாருங்கள். இந்தத் தீவுகளில் மது கிடையாது. நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். வழிபாட்டுச் சிலைகளை நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, பெட்டியில் சின்னப் பிள்ளையார் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சுற்றுலா விசா இலவசம், போய் இறங்கியதும் தருவார்கள். ஐமுகா என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்பவேண்டும், அதுவும் இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளமல்ல.

டாலரைப் பாதி ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டு) ஏற்றுங்கள், மீதியைச் சிறு நோட்டுகளாக வாங்குங்கள். சாதாரண கார்டைத் தேய்த்தால் 3.5 சதவீதம் வரை மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. வேறு. கடையில் 'ரூபாயில் போடவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகம். மாலத்தீவுப் பணமான ருஃபியாவைக் கொஞ்சமாக மட்டும் மாற்றுங்கள். நம் ஊரில் அதை வாங்க ஆள் கிடையாது.

அந்த 10,000 முன்பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். ஏஜென்ட்தான் வேண்டும் என்றால், தீவின் பெயர், போக்குவரத்து, வரிகள், ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிய பிறகு கொடுங்கள்.