சென்சாருக்கு அடியில் துரு: பழைய சில்வராடோவில் நிற்கும் நேரத்தில் பெடல் அதிர்வது ஏன்?

கேள்வி: மிச்சிகனில் ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் இருக்கிறேன். தோட்ட வேலைக்கும் மரம் ஏற்றி வரவும் 2001 மாடல் செவர்லே சில்வராடோ 1500 பிக்கப் ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். சிக்னலில் நிற்கப் போகும்போது, கடைசிப் பத்தடியில் பிரேக் பெடல் கடகடவென்று அதிர்கிறது. வண்டி நிற்காமல் நழுவிப் போகிறது. காய்ந்த சாலையிலும் இப்படித்தான். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. பட்டறையில் அதை இயக்கும் மின்னணுப் பெட்டியான ஏபிஎஸ் கண்ட்ரோல் மாட்யூலை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், மாட்யூல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதற்குப் போகும் தகவல்தான் தப்பு. முன் சக்கரம் இரண்டில் ஏதோ ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘நான் நின்றுவிட்டேன்’ என்று சொல்கிறது. எந்தச் சக்கரம் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த வண்டியில் முன் சக்கரத்துக்கு ஒன்று வீதம் வேக சென்சார் உண்டு. ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள், அவ்வளவுதான். ஹப்புக்குள் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) இருக்கும் பல்வளையம் அதன் முன்னால் சுற்றும்போது சின்னதாக ஏசி மின்னழுத்தம் பிறக்கிறது. சக்கரம் வேகமாகச் சுற்றினால் அது கூடும், மெதுவானால் குறையும். பல்லுக்கும் சென்சாருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கொஞ்சம் கூடினாலும் சட்டென்று விழுந்துவிடும்.

சென்சார் உட்கார்ந்திருக்கும் ஹப்பின் முகம் இரும்பு. உங்கள் ஊரில் பனிக்காலம் முழுக்க சாலையில் உப்பு கொட்டுகிறார்கள்; டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, சுமார் 1,200 அடி ஆழத்தில், உப்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு, சென்சாருக்கு அடியில் துரு உப்புகிறது. உப்பிய துரு சென்சாரை மேலே நெம்பித் தூக்குகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டியதில்லை. வேகமாகப் போகும்போது சென்சார் தரும் சிக்னல் போதுமான அளவு இருப்பதால் எதுவும் தெரியாது. பத்து மைல் வேகத்துக்குக் கீழே வந்ததும் அந்த ஒரு சக்கரத்தின் சிக்னல் மட்டும் செத்துவிடும். மற்ற சக்கரங்கள் ஓட இது மட்டும் நின்றால், சக்கரம் பூட்டிக்கொண்டது என்றுதான் மாட்யூல் நினைக்கும். உடனே அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை விட்டுவிடும். நீங்கள் உணரும் அதிர்வும் நழுவலும் அதுதான். அடுத்த நொடி வண்டி நின்றுவிடுவதால் கோளாறு என்று பதிவாகவும் வழியில்லை, விளக்கும் எரியாது. விளக்கு எரியாததுதான் எனக்குப் பெரிய தடயம்.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே இதே காரணத்துக்காக, உப்பு போடும் மாநிலங்களில் இருந்த 1999 முதல் 2002 வரையிலான மாடல்களைச் சரிசெய்து தர 2005-இல் திரும்ப அழைத்தது. உங்கள் வண்டிக்கு அந்த வேலை நடந்திருக்கிறதா என்று டீலரிடம் வண்டி எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். நடந்திருந்தாலும், அதற்கப்புறம் எத்தனை பனிக்காலம் போய்விட்டது! துரு மறுபடி பிடித்திருக்கும்.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆளில்லாத பார்க்கிங் மைதானத்துக்குப் போய், பானட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியிலிருந்து ஏபிஎஸ் ஃப்யூஸைக் கழற்றுங்கள். எச்சரிக்கை விளக்குகள் எரியும், பயப்பட வேண்டாம். பதினைந்து மைல் வேகத்தில் போய் மெதுவாக பிரேக் பிடித்து நிறுத்துங்கள். அதிர்வே இல்லாமல் நின்றால் பேட், ரோட்டார் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு), காலிப்பர் (பேடைத் தட்டின் மேல் அழுத்தும் பாகம்) மேல் சந்தேகம் வேண்டாம். ஃப்யூஸ் இல்லாமலும் அதிர்ந்தால் கதை வேறு, ரோட்டாரைப் பாருங்கள். சோதனை முடிந்ததும் ஃப்யூஸை மறக்காமல் திரும்பப் போடுங்கள். சரிசெய்யும் வரை வண்டியைச் சாலையில் எடுக்காமல் இருந்தால் நல்லது. பாதசாரிகள் கடக்கும் கோட்டில் பத்தடி நழுவுவது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் எந்தச் சக்கரம் என்று பார்க்க வேண்டும். ஏபிஎஸ் தகவலைப் படிக்கும் ஸ்கேனர் கிடைத்தால் சுலபம். இருபது மைலிலிருந்து மெதுவாக நிறுத்துங்கள், பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்கட்டும். இடது, வலது இரண்டு வேகமும் சேர்ந்தே இறங்க வேண்டும். ஒன்று திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் அதுதான். ஆனால் மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் இன்ஜினின் பிழைக் குறியீடுகளை மட்டுமே படிக்கும், அதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

ஸ்கேனர் இல்லையா? மல்டிமீட்டர் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்காதீர்கள். சென்சார் கனெக்டரைக் கழற்றி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, நொடிக்கு ஒரு சுற்று வருமாறு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். 350 மில்லிவோல்ட்டாவது வர வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கணக்கு. என்னைக் கேட்டால், அந்த எண்ணைவிட இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒரு பக்கம் 600, மறுபக்கம் 150 என்றால் வேறு சாட்சி வேண்டாம். சுருளின் மின்தடையையும் பாருங்கள், ஆயிரம் ஓம்ஸ் அக்கம்பக்கம் இருக்கும். ஸ்டீயரிங் திரும்பும்போது வளைகிற இடத்தில் ஒயரை ஆட்டியும் பாருங்கள்.

கழற்றும் முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது, ஹப்பையே மாற்ற வேண்டும். சென்சாரைத் துடைத்துப் பயனில்லை. ஆட்டம் இல்லை என்றால் காலிப்பரையும் ரோட்டாரையும் எடுத்துவிட்டு சென்சாரின் போல்ட்டைக் கழற்றுங்கள். சென்சார் லேசில் வராது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்துவிடும். துருவிளக்கி எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, இப்படியும் அப்படியும் திருகி எடுங்கள். எடுத்ததும் ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள். துருப்பொடி உள்ளே விழுந்தால் காந்தத்தில் ஒட்டி வேறு தொல்லை கொடுக்கும். ஹப்பின் முகத்தை உப்புத்தாளால் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, துரு தடுக்கும் கிரீஸ் பூசி, சென்சாரைத் திரும்பப் பொருத்துங்கள். மறுபடி மீட்டரில் அளந்துவிட்டு, மற்ற பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். புது ஹப் போட நேர்ந்தால், அதையும் அளக்காமல் சாலையில் இறக்காதீர்கள். விலை மலிவான ஹப்புகள் புதிதிலேயே பலவீனமான சிக்னல் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மாட்யூலைச் சந்தேகிக்க வேண்டிய நேரமும் உண்டு. ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்து, சி0265 போன்ற பிழைக் குறியீடு வந்தால் பேச்சு வேறு. அப்போதும் முதலில் ஓட்டுநர் பக்கம் வண்டியின் அடிச்சட்டத்தில் (ஃப்ரேம்) இருக்கும் எர்த் ஒயரைக் கழற்றிச் சுத்தம் செய்து முறுக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் அதிலேயே சரியாகியிருக்கிறது.

அடியில் படுத்திருக்கும்போது இன்னொன்றையும் அவசியம் பாருங்கள்: சட்டத்தை ஒட்டி ஓடும் இரும்பு பிரேக் குழாய்கள். இதே தலைமுறை வண்டிகளில் அவை உப்பில் அரித்து வெடிப்பதைப் பற்றி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை நடத்தியது. 2015-இல் திரும்ப அழைக்கச் சொல்லாமல் அதை முடித்து, அடிப்பாகத்தைக் கழுவுங்கள், துருப்பிடித்த குழாய்களை மாற்றுங்கள் என்று உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தியது. செதில் செதிலாக உரிந்திருந்தாலோ ஈரம் தெரிந்தாலோ, ஏபிஎஸ் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் குழாயை மாற்றுங்கள். நிக்கல் கலந்த செம்புக் குழாய் போட்டால் துருப் பிரச்சினை இருக்காது, கையால் வளைக்கவும் சுலபம்.

சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்திலும் வந்த மில்லிவோல்ட்டை எழுதி அனுப்புங்கள். அளவு ஏறவில்லை என்றால் ஹப்பைக் கழற்றும் முறையைச் சொல்கிறேன்.