ஐபிஎஸ் வேலையை விட்டுவிட்டு மாநில அரசியலில் நிலைத்தவர் யாராவது உண்டா? மிசோரமின் லால்துஹோமாவைப் பற்றிச் சொல்கிறேன்

கேள்வி: ஐஏஎஸ், ஐபிஎஸ் போன்ற பணியில் இருந்துவிட்டு மாநில அரசியலுக்கு வந்து நிலைத்து நின்றவர்கள் இருக்கிறார்களா? அந்த வேலை அனுபவம் அரசியலில் கைகொடுக்குமா?

இருக்கிறார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் மிசோரம் முதலமைச்சர் லால்துஹோமா. நம் ஊரில் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் நான் வேலை மாற்றலில் 2017 முதல் இரண்டு ஆண்டுகள் மிசோரம் தலைநகர் ஐசாலில் இருந்தவன். 2018 சட்டமன்றத் தேர்தலை அங்கிருந்தே பார்த்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவரை எல்லோரும் 'முன்னாள் ஐபிஎஸ் அதிகாரி' என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். ஆனால் அவர் உட்கார்ந்த முதல் அரசு நாற்காலி ஐபிஎஸ் நாற்காலி அல்ல. 1949-ல் கிழக்கு மிசோரமில் துவால்புய் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய இளமைக்காலம் மிசோ மலைகளுக்கு மிக மோசமான காலம். 1959-ல் மூங்கில் பூத்து, எலி பெருகி, விளைச்சல் அத்தனையும் போய்ப் பஞ்சம் வந்தது. அந்தக் கோபத்தில் வளர்ந்த மிசோ தேசிய முன்னணி 1966 மார்ச்சில் தனிநாடு என்று அறிவித்தது. சில நாட்களில் இந்திய விமானப்படை ஐசால் மீதே குண்டு போட்டது. அப்போது அவருக்கு 17 வயது. 1972-ல் மிசோரம் யூனியன் பிரதேசமானபோது முதல் முதலமைச்சர் சுங்காவின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தார். பகலில் வேலை, மாலையில் கல்லூரி. அப்படிப் படித்துப் பட்டம் வாங்கி, குடிமைப் பணித் தேர்வு எழுதி, 1977-ல் ஐபிஎஸ் ஆனார்.

நானும் எழுத்தர் தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்து, தபாலில் பட்டம் படித்தவன்தான். அதனாலேயே அவர் வாழ்க்கையில் இந்தப் பகுதி எனக்கு நெருக்கமானது. ஒரு கோப்பு எந்த மேசையில் நிற்கும், ஏன் நிற்கும் என்பது கீழே இருந்து வந்தவனுக்குத் தெரிகிற மாதிரி நேராக மேலே போய் உட்கார்ந்தவனுக்குத் தெரியாது. இதை என் 20 வருட அலுவலக வாழ்க்கையை வைத்துச் சொல்கிறேன்.

ஐபிஎஸ் ஆன பிறகு கோவாவில் வேலை. போதைப்பொருள் கும்பல்களைப் பிடிப்பதில் பெயர் வாங்கினார். 1982-ல் டெல்லிக்குக் கூட்டிக்கொண்டு போய், பிரதமர் இந்திரா காந்தியின் பாதுகாப்புப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அதுதான் திருப்பம். லண்டனில் இருந்த மிசோ தேசிய முன்னணித் தலைவர் லால்டெங்காவோடு பேச்சுவார்த்தைக்கு வழி தேடிக்கொண்டிருந்த நேரம் அது. மிசோக்களுக்குள்ளேயே நம்பிக்கையான ஒருவர் டெல்லிக்குத் தேவைப்பட்டார். 1984-ல் லால்துஹோமா வேலையை விட்டார், காங்கிரசில் சேர்ந்தார். அந்த ஆண்டு கடைசியில் நடந்த மக்களவைத் தேர்தலில் மிசோரமின் ஒரே தொகுதியில் அவரை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. போட்டியின்றி எம்பி ஆனார்.

கேட்கிறவர்கள் பலரும் கதை இங்கேயே முடிந்துவிட்டதாக நினைப்பார்கள். அதிகாரியாக இருந்தார், தலைவரின் பார்வை பட்டது, எம்பி ஆனார், அவ்வளவுதான் என்று. எனக்கோ கதையே இங்கேதான் தொடங்குகிறது. டெல்லி கொடுத்த அந்த இடம் நான்கு ஆண்டுதான் நின்றது.

காங்கிரஸ் தலைமையோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை, கட்சியை விட்டு வெளியேறினார். 1985-ல் ராஜீவ் காந்தி அரசு கட்சித் தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டு வந்திருந்தது. 1988-ல் அந்தச் சட்டத்தின் கீழ் பதவி பறிக்கப்பட்ட முதல் மக்களவை உறுப்பினர் என்று வரலாற்றில் இடம்பிடித்தார். அரசியல் பாடம் படிக்கும் மாணவர்களுக்கு அவர் பெயர் இப்படித்தான் தெரியும். ஐபிஎஸ்ஸும் போயிற்று, எம்பி பதவியும் போயிற்று. வயது நாற்பதைக்கூடத் தொடவில்லை.

அதற்கிடையே 1986 ஜூன் 30-ல் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1987 பிப்ரவரி 20-ல் மிசோரம் தனி மாநிலமாகிவிட்டது. அப்புறம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மாநிலத்தை இரண்டே கட்சிகள்தான் மாறி மாறித் தலைமை தாங்கின: காங்கிரஸ், மிசோ தேசிய முன்னணி. லால்துஹோமா வெளியே நின்றார். 1997-ல் ஜோரம் தேசியவாதக் கட்சியைத் தொடங்கினார். 2003-லும் 2008-லும் 40 இடங்களில் இரண்டு இரண்டு கிடைத்தன. 2013-ல் ஒன்றுகூட இல்லை. காங்கிரஸ் மட்டுமே 34 இடங்களை அள்ளிக்கொண்டு போயிற்று.

2013 முடிவுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 64 வயது. அவர் போகவில்லை. சிறு கட்சிகளையும் அமைப்புகளையும் உட்கார வைத்துப் பேசி, ஜோரம் மக்கள் இயக்கம் என்று ஒன்றைக் கட்டினார்கள். 2018-ல் அதற்குத் தேர்தல் ஆணையப் பதிவு கிடைத்திருக்கவில்லை. அதனால் எல்லோரும் சுயேச்சையாக நின்றார்கள்.

அந்தத் தேர்தலை நேரில் பார்த்தது என் பாக்கியம். தமிழ்நாட்டுத் தேர்தலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஐசால் தேர்தல் நம்பவே முடியாத அமைதியாக இருந்தது. சுவர் விளம்பரம், ஒலிபெருக்கி வண்டி, வீடு வீடாக ஏறி இறங்கும் கூட்டம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. தேவாலயங்களின் ஆதரவோடு இயங்கும் மிசோரம் மக்கள் மன்றம் எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே மேடையில் ஏற்றி, மக்கள் முன்னால் பேசவைத்தது. அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருந்த நண்பருக்குச் செர்ச்சிப் பக்கம் சொந்த ஊர். "எங்கள் தொகுதியில் இந்த முறை பு லால்துஹோமா நிற்கிறார்" என்றார். மிசோ மொழியில் 'பு' என்றால் நம் 'ஐயா' மாதிரி. எதிரே நின்றவர் ஐந்து முறை முதலமைச்சரான லால் தன்ஹாவ்லா, அப்போதும் அவர்தான் முதலமைச்சர். "ஜெயிப்பாரா?" என்று கேட்டேன். "ஜெயிக்கிறாரோ இல்லையோ, முப்பது வருஷமாக ஓடாமல் நிற்கிறாரே" என்றார் நண்பர்.

410 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அன்று நண்பர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஐசால் மேற்கு-1 தொகுதியிலும் லால்துஹோமாவே வென்றிருந்தார். அதை விட்டுவிட்டுச் செர்ச்சிப்பை வைத்துக்கொண்டார்.

சரி, இனிமேல் எல்லாம் சுகம் என்றால், அதுவும் இல்லை. சுயேச்சையாக வென்றவர் வெற்றிக்குப் பிறகு எந்தக் கட்சியிலும் சேரக் கூடாது என்று அதே கட்சித் தாவல் சட்டம் சொல்கிறது. இயக்கம் 2019-ல் முறையான கட்சியாகப் பதிவாகி, இவர் அதன் தலைவர் என்றானதும் புகார் போயிற்று. 2020 நவம்பரில் சபாநாயகர் இவருடைய எம்எல்ஏ பதவியைப் பறித்தார். 1988-ல் மக்களவையில் நடந்தது 32 ஆண்டு கழித்துச் சட்டமன்றத்திலும் நடந்தது. 2021 ஏப்ரலில் இடைத்தேர்தல். அதே செர்ச்சிப், இந்த முறை கட்சிப் பெயரிலேயே நின்று ஜெயித்தார்.

2023 தொடக்கத்தில் லுங்லே நகராட்சியின் 11 வார்டுகளையும் அவருடைய கட்சி எடுத்தபோதே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்துவிட்டது. நவம்பரில் சட்டமன்றத் தேர்தல். வாக்கு எண்ணிக்கை முதலில் டிசம்பர் 3 என்று வைத்திருந்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. மிசோரமில் ஞாயிறு தேவாலயத்துக்கு உரியது. மக்கள் கேட்டுக்கொண்டதால் ஒரு நாள் தள்ளி திங்கட்கிழமை எண்ணினார்கள். 40-ல் 27 இடம். முதலமைச்சராக இருந்த மிசோ தேசிய முன்னணியின் ஜோரம்தங்காவே தன் தொகுதியில் தோற்றார். டிசம்பர் 8-ல் லால்துஹோமா பதவியேற்றார். வயது 74. காலையிலேயே என் பழைய அலுவலக நண்பர் போனில் கூப்பிட்டு, அழுகிற குரலில் பேசினார். நானும் சென்னையில் உட்கார்ந்துகொண்டு கண் கலங்கினேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதிகாரியாக இருந்த அனுபவம் கைகொடுத்ததா? உள்ளே நுழைய நிச்சயம் உதவியது. இந்திரா காந்தியின் நம்பிக்கை இல்லாமல் 1984 இல்லை. நிர்வாகத்தில் இப்போதும் உதவுகிறது என்றுதான் நினைக்கிறேன். வந்த உடனே அரசுச் செலவைக் குறைப்பதில் இறங்கினார். இஞ்சி, மஞ்சள், மிளகாய், துடைப்பப் புல் இவற்றை விவசாயிகளிடமிருந்து உறுதியான விலைக்கு வாங்கும் திட்டத்தைக் கொண்டு வந்தார். ஆனால் 1988-க்கும் 2018-க்கும் நடுவே அவரை நிற்க வைத்ததில் ஐபிஎஸ்ஸுக்குப் பெரிய பங்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சீருடையைக் கழற்றிய அதிகாரிக்கு மக்கள் ஒரு தேர்தல்வரை மரியாதை கொடுப்பார்கள். அதற்குமேல் அவர் சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டும். பதவியும் இல்லை, டெல்லியும் இல்லை என்ற அந்த நீண்ட காலத்தில்தான் அவர் அதைச் சம்பாதித்தார்.

அவர் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 2025 டம்பா இடைத்தேர்தலில் மிசோ தேசிய முன்னணி வென்றது. மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள், அது நல்லதுதான். நான் அதிகம் கவனிப்பது மியான்மர் அகதிகள் விஷயத்தை. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு எல்லை தாண்டி வந்த சின் மக்கள் முப்பதாயிரம் பேருக்கு மேல். மிசோக்கள் அவர்களை ரத்த உறவாகவே பார்க்கிறார்கள். எல்லையில் வேலி போட டெல்லி முனைந்தபோது லால்துஹோமா பிரதமரை நேரில் பார்த்து எதிர்ப்பைச் சொன்னார். அகதிகள் வந்து இறங்கும் சம்பாய் மாவட்டமும் அவர் பிறந்த துவால்புயும் ஒரே கிழக்கு மலைப் பகுதிதான். ஒரு காலத்தில் டெல்லியின் காவல் அதிகாரியாக இருந்தவர், இன்று அந்த மலைக்காரராக டெல்லியிடம் போய் நிற்கிறார்.