நேற்றுச் சொன்னதை இன்று மறக்கும் ஏஐ

கேள்வி: கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைக் கிளாட் கோட் என்ற ஏஐ நிரலெழுதும் கருவியின் துணையுடன் எழுதிவருகிறேன். ஒவ்வொரு புதிய அமர்விலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. வெக்டர் தரவுத்தளம் (பொருள் ஒற்றுமையை வைத்துத் தேடும் தரவுத்தளம்) அமைத்து அதற்கு நிரந்தர நினைவு கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரு சாதாரண உரைக்கோப்பு.

கருவிக்குப் பின்னாலுள்ள மொழி மாதிரி உங்களோடு பேசிப் பழகி எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் உரையாடல் முழுவதும் அதற்குத் திரும்ப அனுப்பப்படுகிறது, அவ்வளவுதான். பழைய அமர்வையே தொடரும் வசதி உண்டு. ஆனால் உரையாடல் நீண்டால் கருவி அதைச் சுருக்கிவிடும். சுருக்கத்தில் எது விடுபடும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே, அமர்வு தொடங்கும்போது அது எதை வாசிக்கிறது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

திட்டத்தின் மூலக் கோப்புறையில் கிளாட்.எம்டி (CLAUDE.md) என்ற கோப்பை வைத்தால், கிளாட் கோட் அதைத் தானாகவே வாசித்துவிடும். கோடெக்ஸ் போன்ற வேறு ஏஐ கருவிகள் ஏஜென்ட்ஸ்.எம்டி (AGENTS.md) கோப்பைத் தேடும். இரண்டையும் பயன்படுத்துபவர் விவரங்களை ஏஜென்ட்ஸ் கோப்பில் எழுதி, கிளாட் கோப்பில் அதை இறக்குமதி செய்யும் ஒற்றை வரியை (@AGENTS.md) மட்டும் வைத்தால் போதும்.

என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கோப்புறை அமைப்பை விலாவாரியாக எழுதுவது வீண். குறிமுறையைப் பார்த்தே கருவி அதைத் தெரிந்துகொள்ளும். பார்த்தால் தெரியாததை எழுதுங்கள். உதாரணமாக, “தொகைகளைத் தசமத்தில் வைக்காதே” என்பது அரைகுறைக் குறிப்பு. “தொகைகளைப் பைசாவில், முழு எண்ணாகச் சேமி. மிதவைப் புள்ளி (float) எண்களில் 0.1-உம் 0.2-உம் கூடினால் சரியாக 0.3 வராது, ஜிஎஸ்டி கூட்டலில் பைசா இடிக்கும்” என்று எழுதினால், நீங்கள் நினைத்தே பார்க்காத தள்ளுபடிக் கணக்கிலும் அது அதே விதியைப் பின்பற்ற வாய்ப்பு அதிகம். காரணம் சேர்ந்த குறிப்புதான் புதிய இடத்துக்கும் உதவும்.

அன்றாட நிலவரத்துக்குத் தனிக் கோப்பு வையுங்கள். அமர்வை மூடும் முன், எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எந்த வழி முயன்று தோற்றது என்று கருவியையே எழுதச் சொல்லுங்கள். தோற்ற வழியை எழுதாவிட்டால் மறுநாள் அதே சுவரில் உற்சாகமாகப் போய் முட்டும். எழுதியதை நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். ஓடாத சோதனையை “வெற்றி” என்று குறித்து வைக்கவும் அது தயங்காது.

பழைய குறிப்புகளை அழிப்பதில் கருமித்தனம் வேண்டாம். நினைவே இல்லாத கருவி உங்களிடம் கேட்கும். கைவிட்ட நூலகத்தைப் பற்றிய குறிப்பைப் படித்த கருவியோ கேட்காமலே அதை மறுபடி நிறுவும். கிளாட் கோப்பை 200 வரிகளுக்குள் வைப்பது நல்லது. நீளம் கூடினால் விதிகளைக் கடைப்பிடிப்பது தளரும். எந்நிலையிலும் மீறக் கூடாத விதியானால் குறிப்பை நம்பாதீர்கள். தானியங்கிச் சோதனையாகவோ கிளாட் கோடின் ஹூக்காகவோ (குறிப்பிட்ட கட்டத்தில் தானாக ஓடும் கட்டளை) அமையுங்கள்.

வெக்டர் தேடல் எப்போது தேவை? பல குறிமுறைக் களஞ்சியங்களும் ஆண்டுக்கணக்கான குறிப்புகளும் சேர்ந்து, சாதாரணச் சொல் தேடலில் வேண்டியது அகப்படாதபோது யோசிக்கலாம்.

கடவுச்சொல்லையும் ஏபிஐ சாவியையும் (வெளிச் சேவைகளை அணுகும் ரகசியக் குறியீடு) மட்டும் இந்தக் கோப்புகளில் எழுத வேண்டாம். குறிமுறையின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) ஒருமுறை ஏறிவிட்டால் வரியை நீக்கினாலும் வரலாற்றில் தங்கிவிடும். சாவியையே மாற்ற வேண்டிவரும்.